வியட்நாமில் வடக்கிருந்து தெற்கே தனியாக: எங்கே சறுக்கும், எது இனிக்கும்?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி கடைசியில் வியட்நாம் கிளம்புகிறேன், தனியாக. ஹனோயில் இறங்கி, ரயிலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே வந்து, சைகோனிலிருந்து ஊர் திரும்புவதாகத் திட்டம். (ஹோ சி மின் நகரம் என்று எழுத வேண்டும், ஆனால் எல்லோரும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள்.) ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடவே ஆகும். ஒரு வேலையை விட்டு அடுத்ததில் சேர நடுவில் கிடைத்த இடைவெளி, இன்னொரு முறை வாய்க்குமா என்று சொல்ல முடியாது, அதனால் கூட வர ஆள் தேடிக்கொண்டிருக்கவில்லை. கேட்டவர்களில் ஒருத்திக்குப் பிள்ளையின் பரீட்சை, இன்னொருத்தி "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று பல வருஷமாகச் சொல்கிறவள்.

நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. வெளிநாடு என்றால் ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூர் போனதுதான். கார் வந்து அழைத்துப்போய், கார் கொண்டுவந்து விட்டது. அதைப் பயணக் கணக்கில் சேர்க்க எனக்கே மனசு வரவில்லை. முட்டை சாப்பிடுவேன், மீனும் கறியும் கிடையாது. கோவையில் தினமும் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், அங்கேயும் வாடகைக்கு எடுக்கலாமா என்று ஓர் எண்ணம்.

இடங்களின் பட்டியல் வேண்டாம். ஹா லாங் விரிகுடா, பெரிய கைகள் தாங்கிப் பிடிக்கும் தங்கப் பாலம், ஹோய் ஆன் விளக்குகள் எல்லாம் வீடியோவில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. தனியாகப் போனவர்களுக்கு எது சொதப்பியது, அப்போது என்ன செய்தீர்கள், எதிர்பார்க்காமல் நன்றாக இருந்தது எது, இதுதான் எனக்கு வேண்டும். அம்மா இன்னும் "தனியா எதுக்குடி, யாரோட பேசுவே" என்பதிலேயே நிற்கிறார், அவரிடம் சொல்லவும் நாலு விஷயம் கிடைத்தால் நல்லது. ரயிலில் ஆறு படுக்கைப் பெட்டி தனியாகப் போகிற பெண்ணுக்குச் சரிப்படுமா?


மீட்டர்கேஜ்:

ரயில் என்று கண்ணில் பட்டதும் வந்துவிட்டேன் மேடம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போகப்போகும் பாதை 1726 கிலோமீட்டர், பெரும்பாலும் ஒற்றைத் தடம், மீட்டர் கேஜ். எழும்பூரிலிருந்து தெற்கே மீட்டர் கேஜ் வண்டிகளில் போய் வளர்ந்தவர்களுக்குப் பெட்டிக்குள் ஏறியதுமே உடம்பு கண்டுபிடித்துவிடும், அந்த அகலக் குறைச்சலையும் ஆட்டத்தையும். பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கி 1936இல் முடித்த பாதை, போரில் துண்டுதுண்டாகி, நாடு ஒன்றான பிறகு 1976 டிசம்பர் 31இல் மறுபடி இணைந்தது. ஒற்றைத் தடம் என்பதால் எதிர்வண்டிக்காக வயல் நடுவே நிறுத்திவிடுவார்கள், தாமதம் சகஜம். ஒரே மூச்சில் போனால் 30 முதல் 35 மணி நேரம். நீங்கள் விட்டுவிட்டுப் போவது நல்ல திட்டம்: நின் பின், டோங் ஹோய், ஹுவே, டா நாங், நா சாங் என்று எல்லாமே அந்தத் தடத்திலேயே இருக்கின்றன.

ஆறு படுக்கை, நான்கு படுக்கை இரண்டுமே கதவு போட்ட அறைகள். ஆண் பெண் என்று பிரித்துத் தர மாட்டார்கள். ஆறு படுக்கையில் மேல் தட்டு மலிவு, ஆனால் நிமிர்ந்து உட்கார முடியாது, ஏறிப் படுத்தால் படுத்ததுதான். கீழ்த் தட்டில் ஜன்னல் உண்டு, மேஜை உண்டு, பகல் முழுக்க மற்றவர்களும் உண்டு. நான் கீழ்த் தட்டு போட்டிருந்தேன். ஏறிப் பார்த்தால் ஒரு பாட்டி, ஒரு பேரன், ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஏதோ காய், எல்லாம் என் படுக்கையில். டிக்கெட்டைக் காட்டினேன், பாட்டி சிரித்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார், என் படுக்கையிலேயே! எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அட்டைப்பெட்டி திறந்தது, உள்ளே பம்ப்ளிமாஸ். சின்னக் கத்தியால் தோலை மேலிருந்து கீழே கீறி, பூ மாதிரி விரித்து, சுளையின் வெள்ளைத் தோலையும் உரித்து, மிளகாய் உப்புப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார். பேரன் போனில் மொழிபெயர்ப்பைப் போட்டு வரிசையாகக் கேட்டான்: வயசு என்ன, எத்தனை பிள்ளைகள், சம்பளம் எவ்வளவு, ஏன் பெண்டாட்டியைக் கூட்டி வரவில்லை. நம் ஊர்ப் பகல் வண்டியில் கேட்பதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. குடும்பத்தோடு போயிருந்தால் நாங்கள் எங்கள் டப்பாவைத் திறந்துகொண்டு எங்களுக்குள் பேசிக்கொண்டு போயிருப்போம், அந்தப் பாட்டி என் பக்கம் திரும்பியிருக்கவே மாட்டார். "யாரோட பேசுவே" என்கிற உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பெட்டிக் கோடியில் வெந்நீர்க் குழாய் இருக்கும், கோப்பை நூடுல்ஸ் காப்பாற்றும். தள்ளுவண்டியில் கஞ்சி, சோறு எல்லாம் வரும், ஆனால் சைவத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

சொதப்பல் என்றால் எனக்கு நடந்தது டோங் ஹோயில். (குகைகள் இருக்கும் போங் ஞா போக அங்கேதான் இறங்க வேண்டும்.) வண்டி போய்ச் சேர்ந்தது விடிவதற்கு வெகுநேரம் முன்பு, இது அந்தப் பாதையில் பல ஊர்களுக்கு உள்ள பிரச்சினை. விடுதியில் இரும்பு ஷட்டர் இழுத்து மூடியிருந்தது. தட்டினேன், உள்ளே வரவேற்பறையில் மோட்டார் பைக்குகளுக்கு நடுவே மடக்குக் கட்டில் போட்டுத் தூங்கிய பையன் எழுந்து வந்து, போனைப் பார்த்து, "நாளை" என்றான். பதிவு அடுத்த நாளிலிருந்துதான் என்று அவர்கள் கணக்கு, முந்தின நாளே பணம் கட்டியாயிற்று என்று என் கணக்கு. அந்த நேரத்தில் அவனோடு வாதாட முடியுமா? அவன் என்ன நினைத்தானோ, தன் கட்டிலைக் காட்டி என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். விடிந்ததும் இரண்டு காப்பியோடு வந்தான். டம்ளர் மேல் அலுமினிய வடிகட்டி உட்கார்ந்திருக்க, சொட்டுச் சொட்டாக அடியில் இருக்கும் கண்டென்ஸ்ட் மில்க்கில் இறங்குகிற காப்பி. அந்த விடுதியின் முதலாளியோடு எனக்கு இன்னும் கணக்குத் தீரவில்லை, பையன் மேல் ஒரு குறையும் இல்லை.


ஹெல்மெட்போடு:

ஸ்கூட்டர் வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

இந்தியாவில் ஆர்டிஓ கொடுக்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படியானதை. அதாவது உங்கள் அட்டை அங்கே செல்லாது. வாடகைக்குக் கொடுக்கிறவர் எதையும் கேட்க மாட்டார், பாஸ்போர்ட்டை வாங்கி மேஜைக்குள் போட்டுக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார், எல்லோரும் ஓட்டுகிறார்களே என்பார். எல்லோரும் ஓட்டத்தான் செய்கிறார்கள். விழுந்தால் தெரியும்: செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டியதால் பயணக் காப்பீடு பைசா தராது. பாஸ்போர்ட்டை அடகு மாதிரி கொடுப்பது அதைவிட மோசம்.

50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு அங்கே உரிமம் தேவையில்லை, ஹோய் ஆன் மாதிரி சமதரை ஊரில் அது போதும், சைக்கிள் இன்னும் நல்லது. மற்றபடி போனில் கிராப் செயலியில் பைக் கூப்பிட்டுப் பின்னால் உட்காருங்கள், ஹெல்மெட் அவர்களே தருவார்கள். 2007 டிசம்பரிலிருந்து எல்லாச் சாலையிலும் கட்டாயம்.

ஹுவேக்கும் டா நாங்குக்கும் நடுவே இருக்கும் ஹாய் வான் கணவாயை வண்டியில் ஏறத்தான் ஆசை என்றால் ஓட்டுநரோடு பைக் எடுக்கலாம், நிறையப் பேர் அதையே தொழிலாகச் செய்கிறார்கள்.


கத்தரிவெயில்:

அக்கா, நான் போனது போன வருஷம், நானும் தனியாகத்தான், கிட்டத்தட்ட உங்கள் வழியேதான். பெண் தனியாகப் போவது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: ராத்திரி பத்து மணிக்கு ஹனோய் பழைய நகரத்தில் நடந்தபோது எனக்கிருந்த ஒரே பயம் ரோட்டைக் கடப்பது. யாரும் உரசவில்லை, பின்னால் வரவில்லை. தோளில் தொங்கும் பையையும் கையில் இருக்கும் போனையும் பைக்கில் வந்து பறிப்பது சைகோனில் நடக்கும், போனை ரோட்டோரம் நின்று நீட்டிப் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான். ரோட்டைக் கடக்க ஒரே வழி, காலை வைத்துவிட்டால் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருப்பது. நிற்கக் கூடாது, ஓடக் கூடாது, பின்னால் எடுக்கவே கூடாது. பைக்குகள் உங்களைக் கணக்குப் போட்டு இரண்டு பக்கமும் விலகிப் போகும். காருக்கும் பஸ்ஸுக்கும் இந்தக் கணக்கு கிடையாது, அவற்றுக்கு வழிவிட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் தனியாகப் போவதில் உண்மையான கஷ்டம் பை. ஸ்டேஷனில் கழிவறைக்குப் போக வேண்டும், பையை யாரிடம் விடுவது? அந்தச் சின்ன ஈரக் கழிவறைக்குள் பெரிய பையும் நானும், ஆணி ஒன்று இருக்காதா என்று சுவர் முழுக்கத் தேடுவேன். டிக்கெட் வரிசையில் நிற்கும்போது, மழையில் குடை பிடிக்கும்போது, ஏடிஎம்மில் எண்ணைத் தட்டும்போது, எல்லா இடத்திலும் இன்னொரு கை வேண்டும்போல இருக்கும். அதனால் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடிகிற அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். துணி துவைக்க ஊருக்கு ஊர் கிலோக் கணக்கில் வாங்கிக்கொள்கிற கடைகள் உண்டு. ஆனால் நீங்கள் போகும் மாதத்தில் ஹனோயில் தூறலும் ஈரமும்தான், தரையே வியர்க்கும், கொடியில் போட்டது ரெண்டு நாளானாலும் காயாது, உலர்த்தும் மிஷின் இருக்கிற கடையாகப் பார்த்துக் கொடுங்கள். பிப்ரவரி என்றால் நம் ஊர்க் கணக்கில் ஒரு ஸ்வெட்டர்கூட எடுக்கத் தோன்றாது, எடுங்கள்.

இப்போது என் சொதப்பல். நின் பின்னில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஏடிஎம் கார்டை உள்ளே இழுத்துக்கொண்டது. திரை இருண்டு, மறுபடி எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி வரவேற்புப் படத்தைக் காட்டியது. அந்த வங்கியின் எண்ணுக்குப் போட்டால் திங்கள்கிழமை வரச் சொன்னார்கள். இன்னொரு கார்டு இருந்தது, அதில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்திருந்தது, அதைத் திறக்க ஓடிபி வேண்டும், ஓடிபி வர இந்திய சிம்முக்கு ரோமிங் வேண்டும், ரோமிங் போட்டுவிட்டதாக ஊரில் கடைக்காரர் அடித்துச் சொன்ன சிம்மில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. கையில் இருந்தது ஒரு சாப்பாட்டுக்கான காசு. தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் போனில் தட்டிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், சைக்கிள் சாவியையும் ஒரு தட்டு சோறும் தக்காளி போட்ட டோஃபுவும் கொண்டுவந்து வைத்தார். திங்கள் வரை வாடகை, சாப்பாடு, பக்கத்தில் தாம் கோக்கில் படகுச் சவாரி எல்லாம் அவர் கணக்கில்தான். அந்தப் படகு இருக்கிறதே, துடுப்பைக் கையால் போட மாட்டார்கள், பின்னால் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு காலாலும் மிதித்துத் தள்ளுகிறார்கள், கைகள் சும்மா இருப்பதால் படகோட்டிய அம்மாள் பின்னல் வேலை செய்துகொண்டே வந்தார். காசில்லாத அந்த ரெண்டு நாளும் நான் ஊர் சுற்றவே இல்லை, வீட்டு வாசலில் உட்கார்ந்து அவர்களோடு கீரை ஆய்ந்தேன். என் பயணத்தில் நான் நன்றாகத் தூங்கியதும் அங்கேதான்.

அதனால் கிளம்பும் முன்: ரெண்டு வங்கிக் கார்டு, ரெண்டையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள், வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே திறந்துவிடுங்கள். ரோமிங்கை நீங்களே போட்டு, குறுஞ்செய்தி மட்டுமாவது வரும்படி பாருங்கள். இணையத்துக்கு அங்கே சிம் வாங்கிக்கொள்ளலாம், சல்லிசு. டாலர் கொஞ்சம் பைக்குள் பையாக இருக்கட்டும்.

பணத்தைப் பற்றி இன்னொன்று. ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங், அதனால் எல்லாமே லட்சத்தில்தான். 20,000 தாளும் 5,00,000 தாளும் இரண்டும் நீலம். வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியும், ராத்திரி டாக்ஸிக்குள் தெரியாது. 5,00,000 தாளைத் தனிப் பர்ஸில் போட்டுவிடுங்கள். கடையில் ஐம்பது என்றால் ஐம்பதாயிரம், ஆயிரத்தைச் சொல்ல மாட்டார்கள்.

சாப்பாடு: "சாய்" என்று பலகை போட்ட கடைகள் சைவம், பௌத்த முறைச் சைவம், வெங்காயம் பூண்டுகூட சில இடத்தில் இருக்காது. அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியிலும் ஊரே பாதி சைவமாகிவிடும், ஹுவேயில் எப்போதுமே நிறைய உண்டு. மற்ற கடைகளில் காய்கறி வதக்கல் என்று வருவதிலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள், கேட்டால் "மீன் இல்லை" என்பார்கள், அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. காலையில் கவலையே வேண்டாம், நீட்டு ரொட்டியைப் பிளந்து முட்டை பொரித்து வைத்துத் தருவார்கள், வெள்ளரி, கொத்தமல்லி, மிளகாய் எல்லாம் போட்டு. நான் அதிலேயே ஓட்டினேன். பருப்புப்பொடி எடுத்துப் போங்கள்.


புழுதிக்கால்:

எல்லோரும் தேன் தடவுகிறீர்கள், நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். மூன்றாவது வாரம் அலுப்பு வரும். எனக்கு டா நாங்கில் வந்தது. இன்னொரு கோயில், இன்னொரு சந்தை, இன்னொரு "எங்கிருந்து வருகிறாய்". காலையில் எழுந்து இன்றைக்கு எங்கே சாப்பிடுவது, எப்படிப் போவது, எவ்வளவு கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் ஒருத்தனே முடிவு செய்துகொண்டிருந்தால் மூளை ஒரு கட்டத்தில் போதும் என்கிறது. ஏசியைப் போட்டுக்கொண்டு அறையிலேயே கிடந்து பழைய வடிவேலு காமெடியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் நடக்கிற தூரத்தில், போகவில்லை. அது உங்களுக்கும் வரலாம், வந்தால் பயணம் வீணாகிவிட்டதாக நினைக்காமல் இரண்டு நாள் படுத்துவிடுங்கள். நாளுக்கு ஒரு ஊர் என்று டிக்கெட் போட்டு வைத்தவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இருக்காது.

என்னை எழுப்பிவிட்டது ஒரு முடிவெட்டும் கடை. கடை என்றால் மதில் சுவரில் ஆணியடித்த ஒரு கண்ணாடி, கீழே ஒரு நாற்காலி, மேலே தார்ப்பாய், ஹனோயிலும் தெருத்தெருவாக இருக்கும் பார்த்திருப்பீர்கள். பெரியவர் முடியை வெட்டி முடித்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காதுக்குள் மெல்லிய கம்பியை விட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்கும் முன் பாதி வேலை முடிந்துவிட்டது. தூங்கிப்போனேன். எழுந்தால் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். (காதுக்குள் கம்பி விடுவதை எந்த டாக்டரும் ஆமோதிக்க மாட்டார், அதனால் இதைச் சிபாரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

மீட்டர்கேஜ் சார் மன்னிக்க வேண்டும், ரயில் போகாத ஊர்களும் இருக்கின்றன. ஹா ஜியாங் போக, தா லாட் போக படுக்கைப் பஸ்தான். ஏறும்போது செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போடச் சொல்வார்கள். உயரமானவர்களுக்குக் காலை நீட்ட இடம் போதாது. சில டிரைவர்கள் மலைப்பாதையில் ஓட்டுவதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வது நல்லது.


ஆத்தங்குடிக்கல்:

தங்கச்சி, இதுவரை யாரும் சைகோன் பக்கம் போகவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எங்கள் நகரத்தார் பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனுக்குக் கொண்டுவிக்கப் போனார்கள், வட்டித் தொழில்தான், நெல் விளையும் மேகாங் பூமி முழுக்கக் கடன் கொடுத்தார்கள். போன இடத்தில் கோயிலும் கட்டினார்கள். மாரியம்மன் கோயில் பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரம், ட்ருவோங் தின் தெருவில். தண்டாயுதபாணி கோயிலும் இன்னொரு முருகன் கோயிலும் நகரத்துக்குள்ளேயே உண்டு. 1975இல் போர் முடிந்த பிறகு நம்மவர் ஏறக்குறைய எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், கோயில்கள் மட்டும் அங்கேயே இருக்கின்றன.

நான் போனது எங்கள் வழியில் ஒரு பெரியையா அங்கே பெட்டியடியில் (வட்டிக்கடையில்) இருந்தார் என்பதற்காக. உள்ளே போனால் கூட்டம், ஒருவர்கூட நம்மவர் இல்லை. எல்லோரும் வியட்நாம்காரர்கள், கட்டுக்கட்டாக ஊதுபத்தி, தட்டில் பூ, பழம், எண்ணெய்ப் பாட்டில். கருவறைக்குப் பின்னால் கல்சுவரில் நெற்றியை அழுத்தி, இரண்டு கையையும் சுவரில் விரித்து வைத்து, ஏதோ முணுமுணுக்கிறார்கள், ஆபீஸ் உடுப்பில் வந்த பெண்கள், லாட்டரிச் சீட்டு விற்கிறவர், எல்லோரும் வரிசையில். மாரியாத்தாள் வேண்டுதலைக் கேட்கிறாள் என்று அங்கே நம்பிக்கை. மொழி தெரியாமல் எப்படிக் கேட்கிறாள் என்று எனக்குள் ஒரு குசும்பு, ஆனாலும் நானும் போய் நெற்றியை வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

ரயிலில் போகிற நீங்கள் நா சாங்கிலிருந்து நேரே சைகோனுக்கு டிக்கெட் போடாதீர்கள். நடுவில் தாப் சாம் என்று ஒரு ஸ்டேஷன், இறங்கினால் பக்கத்திலேயே குன்றின் மேல் செங்கல் கோபுரங்கள், போ குலோங் கராய் என்பது பெயர். அந்தப் பக்கத்தை முன்பு ஆண்ட சாம் மக்களின் சாம்பா அரசர் காலத்துச் சிவன் கோயில், வாசலுக்கு மேல் ஆடுகிற சிவன், உள்ளே அரசரின் முகம் பொறித்த லிங்கம், எதிரே நந்தி. பார்த்துவிட்டுப் போகிற இடிபாடு என்று நினைக்காதீர்கள், சாம் மக்கள் இன்றைக்கும் அங்கே பூசை போடுகிறார்கள், கேட் திருவிழாவுக்கு ஊரே கூடும், அது பெரும்பாலும் அக்டோபர் வாக்கில். சுற்றிலும் காய்ந்த பூமி, ஆடு, உப்பளம், கொஞ்சம் திராட்சைத் தோட்டம், இராமநாதபுரத்தில் இறங்கிவிட்டோமோ என்று இருந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவரும் இல்லை.

ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டர் போல மி சோன், அதுவும் சாம்பா காலத்துக் கோயில்கள்தான். அதையும் விடாதீர்கள், காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள், வெயில் ஏறினால் முடியாது. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரமே போய்விட்டது, புல் மேல் குண்டு விழுந்த பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. நம் தொல்லியல் துறைக்காரர்கள் அங்கே சீரமைப்பு வேலை செய்தார்கள், 2020இல் ஒரே கல்லாலான லிங்கம் ஒன்று அவர்கள் கையில் கிடைத்தது, அதையும் அங்கேயே பார்க்கலாம்.


நொய்யல்கரை:

அப்பாடா, இத்தனை பேரா! எல்லோருக்கும் நன்றி. ஸ்கூட்டர் ஆசையை விட்டாயிற்று. தாப் சாமைச் சேர்த்தாயிற்று. பம்ப்ளிமாஸ் கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், "முன்ன பின்ன தெரியாதவங்க குடுத்தா வாங்கித் தின்னுடுவியா" என்று புதிதாக ஒரு கவலையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு சந்தேகம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி, அப்பா பெயரையும் சேர்த்து எல்லாம் இயற்பெயர் வரியிலேயே இருக்கிறது. இ-விசா படிவத்தில் இதை எப்படி நிரப்புவது? ஒரு ஏஜென்சியைக் கேட்டால் ஏழாயிரம் ரூபாய் என்கிறார்கள். அப்புறம் டிக்கெட் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வரை ஒன்று, அங்கிருந்து ஹனோய்க்குத் தனியாக ஒன்று, வேறு வேறு விமானக் கம்பெனி.


மீட்டர்கேஜ்:

ஏழாயிரமா! ஒரு முறை நுழைய அரசாங்கக் கட்டணம் 25 டாலர், பலமுறைக்கு 50. 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள். அரசாங்கத் தளத்திலேயே நேராகப் போடலாம், ஆனால் தேடினால் முதலில் வருவதெல்லாம் அரசாங்க முத்திரை மாதிரியே படம் போட்ட தரகர் தளங்கள், முகவரியைக் கூர்ந்து பாருங்கள். பெயருக்கு: பாஸ்போர்ட் படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறது அல்லவா, அதில் இருக்கிற எழுத்தும் வரிசையும்தான் கணக்கு. நீங்களாக இனிஷியலைப் பிரித்துப் போடாதீர்கள், விடவும் விடாதீர்கள். ஒரு எழுத்து மாறினாலும் விமானக் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள், கட்டிய பணமும் திரும்பாது. விசா கைக்கு வந்ததும் பெயர், எண், பிறந்த தேதி எல்லாவற்றையும் விரலை வைத்துப் படியுங்கள். நுழையும் இடம் ஹனோய் நொய் பாய் விமான நிலையம் என்று இருக்க வேண்டும். டெட் புத்தாண்டு விடுமுறையில் அலுவலகம் மூடிவிடும், உங்கள் தேதிக்கு அது ரொம்பப் பக்கம், அதனால் ஜனவரி முதல் பாதியிலேயே போட்டுவிடுங்கள். ரயில் டிக்கெட்டும் அந்த வாரத்தில் லேசில் கிடைக்காது, ஊருக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி வருவார்கள், முதல் இரண்டு பயணத்துக்காவது முன்பதிவு செய்யுங்கள்.

கோலாலம்பூர் விஷயம்: தனித்தனி டிக்கெட் என்றால் முதல் கம்பெனிக்கு உங்கள் இரண்டாவது விமானத்தைப் பற்றி ஒரு அக்கறையும் கிடையாது. பெட்டியை அங்கே எடுத்து, குடியேற்றம் தாண்டி வெளியே வந்து, மறுபடி உள்ளே போக வேண்டும். மலேசிய வருகைப் படிவத்தை இணையத்தில் முன்பே நிரப்பிவிடுங்கள். இரண்டு முனையங்களில் எது எதில் என்று பாருங்கள், நடந்து போக முடியாது, ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். நடுவில் ஐந்து மணி நேரமாவது இருக்கட்டும்.


நொய்யல்கரை:

நான்கு மணி நேரம்தான் இருக்கிறது. தேதி மாற்ற எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்க்கிறேன். கடைசியாக ஒன்று, ஹுவே டு டா நாங் கடலோரம் போகும் என்றார்களே, எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?


மீட்டர்கேஜ்:

தெற்கே போகும்போது இடது பக்கம். லாங் கோ தாண்டியதும் கணவாய் தொடங்கும், வண்டி மலையைச் சுற்றி மெதுவாக ஏறும், கீழே பாறையில் அலை அடிப்பது தெரியும், நடுநடுவே குகைப் பாதைகள். ராத்திரி வண்டி போட்டுவிடாதீர்கள், பகலிலேயே போகிற மாதிரி எடுங்கள். அந்த ஒரு துண்டுக்குப் படுக்கை வேண்டாம், உட்காரும் வகுப்பு எடுத்தால் ஜன்னல் பெரிது. கண்ணாடி பல பெட்டிகளில் அழுக்காக இருக்கும், ஈரத்துணி ஒன்று எடுத்துப் போனாலும் வெளிப்பக்கத்து அழுக்குக்கு ஒன்றும் செய்ய முடியாது, படம் எடுக்க வேண்டுமானால் பெட்டிகளுக்கு நடுவே கதவுப் பக்கம் போய் நில்லுங்கள். பையை யாரிடம் விடுவது என்று கத்தரிவெயில் கேட்பார், எதிர் சீட்டுக்காரரைப் பார்த்துப் பையைக் காட்டித் தலையாட்டினால் போதும், நான் அப்படித்தான் விட்டுவிட்டுப் போனேன்.


கத்தரிவெயில்:

பாஸ்போர்ட்டும் பணமும் இருக்கிற சின்னப் பையை மட்டும் விடாதீர்கள் அக்கா, சார் சொல்கிறார் என்று.